மனநோயாளிகளின் கைக்கும் கணினி எட்ட வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் தம்பி 15 ஆண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுத்துவருகிறான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க, சென்ற மாதம் அவனைக் குடியாத்தத்தில் ஒரு கணினி மையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருந்தின் பக்கவிளைவால் அவனுக்கு விரல்கள் நடுங்கும். கைப்பேசிக்கு வந்த ஓ.டி.பி. எண்ணை அவன் தட்டி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. மறுபடி முயலும்போதே, “நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்கம்மா, அவரை வெளியே உட்கார வையுங்க” என்றார்கள். தன் பெயரில் எழுதப்பட்ட விண்ணப்பம் முடியும்வரை அவன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, உள்நோயாளியாக இருப்பவருக்கும் தொலைபேசியில் பேசவும் மின்னஞ்சல் அனுப்பவும் பெறவும் உரிமை உண்டு என்று 26ஆம் பிரிவில் சொல்கிறது. இணையவழிச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. வார்டில் நோயாளி தொடக்கூடிய கணினி ஒன்றுகூட இல்லையென்றால், மின்னஞ்சல் உரிமை அவருக்கு எப்படிப் பயன்படும்?

இணையம் சந்தேகத்தைக் கிளறிவிடும், நோயை முற்றச் செய்யும் என்று வீட்டார் அஞ்சுவது எனக்குப் புரியாததல்ல. நானே இரண்டு ஆண்டுகள் தம்பியின் கைப்பேசியைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன். அந்த இரண்டு ஆண்டுகளில் அவனுடைய நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். மனம் கலங்கும் நேரத்தில் 14416 என்ற டெலி மனாஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவை) எண்ணை அழைக்கலாம் என்கிறார்கள். பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் கைப்பேசியிலிருந்து அவன் எப்படி அழைத்திருப்பான்? நோய் தீவிரமாக இருக்கும் நாட்களில் மருத்துவர் சொல்கிறபடி கைப்பேசிப் பயன்பாட்டுக்கு அளவு வைக்கலாம். அதற்காக ஆண்டுக்கணக்கில் பறித்து வைத்தது என் தவறு.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் நூலகங்களில் மனநோயாளிகளுக்கென்று வாரம் ஒரு பிற்பகலையாவது ஒதுக்கி, அவசரப்படுத்தாமல் பக்கத்தில் அமர்ந்து கற்றுத்தர ஒருவரை நியமிக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டப் பணியாளர்கள் அந்த ஒருவருக்குப் பயிற்சி தரலாம். அரசு இணையதளங்களில் ஓ.டி.பி.க்கான நேரத்தை நீட்டித்தால் முதியவர்களுக்கும் அது உதவும். குடியாத்தம் நூலகத்தில் அப்படி ஒரு பிற்பகல் தொடங்கினால், முதல் நாளே தம்பியை அழைத்து வருகிறேன். மற்றவர்களுக்குச் சொல்லித்தரவும் உடன் இருப்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.