நகம் காட்டிய மூட்டு நோய்

ஆசிரியருக்கு வணக்கம்.

சொரியாசிஸ் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றன. அது மூட்டையும் பிடிக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், என் அக்காவின் விரல் இன்று கோணிப் போயிருக்காது.

அவளுக்கு முழங்கையிலும் தலையிலும் செதில் உதிரும் படை. பத்து வருடம் களிம்பு தடவியே ஓட்டினாள். (இது ஒட்டுவாரொட்டி அல்ல என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்கு அலுத்துவிட்டது.) பிறகு நகங்களில் குண்டூசியால் குத்தியது போலக் குட்டிக் குட்டிக் குழிகள். ஒரு விரல் அடி முதல் நுனி வரை வீங்கிச் சிவந்தது. காலையில் ஒரு மணி நேரத்துக்குக் கையை மடக்க முடியாது. வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

சொரியாசிஸ் உள்ளவர்களில் 100க்கு 20 முதல் 30 பேருக்கு மூட்டழற்சி வரலாம். விடாத குதிகால் வலிகூட அதன் அடையாளமாக இருக்கலாம். இந்த மூட்டழற்சி இருந்தாலும், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை பெரும்பாலும் கோளாறு எதையும் காட்டாது. அதை நம்பி இருந்துவிடக் கூடாது. சில மாதத் தாமதத்திலேயே எலும்பு அரிபடலாம். அரிபட்டது திரும்பாது, ஆனால் மேலும் அரிக்காமல் மட்டுப்படுத்த இன்று மருந்துகள் உண்டு.

அடுத்த முறை இந்நோய் பற்றி வெளியிடும்போது, அந்த நகக் குழிகளின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி