ரீகால் செய்தி வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள்: மின்சாரக் கார் வைத்திருக்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

குன்னூர் பட்டறையிலிருந்து வணக்கம்.

டயர் மாற்றவும் பிரேக் பார்க்கவும் வருகிற மின்சாரக் கார்க்காரர்கள் பலர் இப்போது கைபேசியில் ஒரு செய்தியைக் காட்டிக் கேட்கிறார்கள். "கம்பெனியிலிருந்து ரீகால்னு வந்திருக்கு. இதுக்காகக் கோயம்புத்தூர் வரைக்கும் இறங்கணுமா? வண்டி நல்லாத்தானே ஓடுது?" வேலைக்கு நடுவே அரைகுறையாகப் பதில் சொல்லும் விஷயம் இல்லை இது. அதனால் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, கோத்தகிரிப் பக்கமெல்லாம் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறோம்.

இறங்கத்தான் வேண்டும். அடுத்த சர்வீஸோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட வேண்டாம். சமவெளியில் ஓடும் வண்டிக்குச் சொல்வதைவிட நம் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு இதை அழுத்திச் சொல்வோம். காரணங்களைக் கீழே விளக்குகிறோம்.

முதலில் காசு விஷயம். ஒரு குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் பாதுகாப்பைக் கெடுக்கும் குறை இருப்பதாகத் தெரிந்தால், கம்பெனி அந்த வண்டிகளை அழைத்துத் தன் செலவில் சரிசெய்து கொடுப்பதே ரீகால். பாகத்துக்கும் காசு இல்லை, கூலிக்கும் காசு இல்லை. வாரண்டி முடிந்திருந்தாலும் சரி, வண்டி மூன்றாவது கைக்கு வந்திருந்தாலும் சரி. வெளியே எங்களைப் போன்ற பட்டறையில் சர்வீஸ் செய்திருந்தாலும் அந்த உரிமை போகாது. "வெளியில பிரேக் வேலை பார்த்திருக்கீங்க, அதனால ரீகால் கிடையாது" என்று ஓரிடத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அப்படிச் சொல்ல எந்த நியாயமும் இல்லை.

பலர் இதைக் கம்பெனி மனமுவந்து தரும் சலுகை என்று நினைத்துக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். நம் நாட்டில் 2012 முதல் கார் கம்பெனிகள் தாங்களாகவே வகுத்துக்கொண்ட விதிப்படி ரீகால் செய்து வந்தன. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி 110ஏ என்ற பிரிவைச் சேர்த்த பிறகு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்கும்படி உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு வந்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. ஏழு வயதுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும். அரசு கட்டாயப்படுத்தி அழைக்க வைத்தால், வண்டியின் வகையையும் எண்ணிக்கையையும் பொறுத்து 10 லட்சம் ரூபாயிலிருந்து 1 கோடி வரை கம்பெனி அபராதம் கட்ட நேரிடும். தானாகவே குறையைச் சொல்லி அழைத்துவிட்டால் அபராதம் இல்லை. ஆகவே ரீகால் அறிவிப்பு வந்த வண்டியை மட்டமான வண்டி என்று எண்ண வேண்டாம். குறையை ஒப்புக்கொண்டு கூப்பிடும் கம்பெனி தன் கடமையைச் செய்கிறது. கூப்பிட்டும் போகாத வண்டிதான் எங்களுக்குக் கவலை.

இனி மலைக்கு வருவோம்.

மின்சாரக் காரில் இரண்டு பேட்டரிகள் இருப்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சக்கரத்தைச் சுழற்றுவது தரைக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி. விளக்கு, கணினி, ஸ்டீயரிங் உதவி, பிரேக் உதவி போன்றவற்றுக்குப் பழைய கார்களில் உள்ளதைப் போலவே சின்ன 12 வோல்ட் பேட்டரி. பெட்ரோல் காரில் ஆல்டர்னேட்டர் செய்யும் வேலையை இங்கே ஒரு மின்னணுப் பெட்டி செய்கிறது. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, அழுத்தத்தைக் குறைத்து, சின்ன பேட்டரிக்கு ஏற்றுவது அது. சில கார்களில் வீட்டில் சார்ஜ் போடும் வேலையும் இதே பெட்டிக்குள்தான் நடக்கிறது. அதை ஐ.சி.சி.யு. என்பார்கள். ஹூண்டாய் அயோனிக் 5, கியா ஈ.வி.6 கார்களில் இந்தப் பெட்டி கெட்டுப்போகக்கூடும் என்று தெரிந்து 2024-இல் பல நாடுகளில் ரீகால் வந்தது. இந்தியாவில் 2024 ஜூனில் 1,744 அயோனிக் 5 கார்களை அழைத்தார்கள். அவை 2022 ஜூலை 21-க்கும் 2024 ஏப்ரல் 30-க்கும் இடையே தயாரானவை. அடுத்த மாதமே 1,138 ஈ.வி.6 கார்களை அழைத்தார்கள்.

அந்தப் பெட்டி கெட்டால் என்ன ஆகும்? திரையில் எச்சரிக்கை வரும். வண்டி கொஞ்ச நேரம் சின்ன பேட்டரியில் மிச்சம் இருப்பதைத் தின்றுகொண்டு ஓடும். பிறகு வேகம் குறையும், கடைசியில் நின்றே போகும். பெரிய பேட்டரியில் எண்பது விழுக்காடு சார்ஜ் இருந்தும் நகராது. அவிநாசி சாலையில் என்றால் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடலாம். பர்லியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் ஏறிக்கொண்டிருக்கும்போது, பின்னால் பஸ்ஸும் தேயிலை லாரியும் வர, ஒதுங்க இடமில்லாமல் நின்றால்? மூடுபனியில் விளக்கும் மங்கிப் போனால்? உதவி இல்லாத பிரேக் மிதி இறுகிவிடும், வழக்கத்தைவிடப் பல மடங்கு பலத்தோடு மிதிக்க வேண்டும். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு "அப்புறம் பார்ப்போம்" என்று விடக்கூடாது என்று நாங்கள் மன்றாடுவது இதற்காகத்தான்.

பிரேக் தொடர்பான ரீகாலும் வந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் மஹிந்திரா எக்ஸ்.யு.வி.400 கார்களில் 3,560-ஐ அழைத்தார்கள். பிரேக் மிதி எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்று அளந்து சொல்லும் பாகத்தின் ஸ்பிரிங் சரியாகத் திரும்பி வராமல் போகலாம் என்பது குறை. 2023 பிப்ரவரி 16-க்கும் ஜூன் 5-க்கும் இடையே தயாரான வண்டிகள் அவை. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அந்த மிதியில் எத்தனை முறை கால் வைப்பீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சோதித்துச் சரிசெய்ய அதிக நேரம் பிடிக்காத வேலைதான்.

பேட்டரி தீப்பிடிக்கும் குறை எல்லோரும் பயப்படுவது. பயப்பட வேண்டியதுதான், ஆனால் அது எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்பதும் புரியும். அமெரிக்காவில் ஓடிய செவ்ரோலே போல்ட் காரின் பேட்டரியில், ஒரே செல்லுக்குள் (பேட்டரி என்பது பல சின்ன செல்கள் சேர்ந்தது) இரண்டு தயாரிப்புக் குறைகள் சேர்ந்து அமைந்தால் தீப்பிடித்தது. ஒன்று, கிழிந்த ஆனோடு முனை, அதாவது எதிர்மின் தகட்டின் இணைப்பு. மற்றொன்று, இரண்டு மின்தகடுகளும் ஒன்றோடொன்று தொடாமல் பிரித்து வைக்கும் தாள் மடங்கிப்போனது. 2021 ஆகஸ்டுக்குள் அதுவரை செய்த எல்லா போல்ட் கார்களையும், ஏறத்தாழ 1,42,000 வண்டிகளை, அழைத்தார்கள். பேட்டரி மாற்றும்வரை உரிமையாளர்களுக்குச் சொன்ன அறிவுரை இது: 90 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றாதீர்கள், ரொம்பவும் இறங்க விடாதீர்கள், சார்ஜ் முடிந்ததும் வண்டியை வெளியே நிறுத்துங்கள், இரவு முழுக்க வீட்டுக்குள் சார்ஜில் விடாதீர்கள்.

போல்ட் நம் ஊரில் விற்காத வண்டி. ஆனால் ஹூண்டாய் கோனா நம் சாலைகளில் ஓடுகிறது. 2020 கடைசியில் இங்கே 456 கோனா கார்களைப் பேட்டரி சோதனைக்கு அழைத்தார்கள். கொரியாவில் முதலில் மென்பொருளை மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். அப்படி மாற்றிய ஒரு வண்டி 2021 ஜனவரியில் டேகு நகரில் தீப்பிடித்தது. பிறகுதான் உலகெங்கும் ஏறத்தாழ 82,000 வண்டிகளுக்குப் பேட்டரியையே மாற்றுவதென்று முடிவானது. முன்பு சொன்ன ஐ.சி.சி.யு. பெட்டிக்காக ஈ.வி.6 காருக்கும் 2025 பிப்ரவரியில் மறுபடி அழைப்பு வந்தது, இம்முறை 1,380 வண்டிகள். ஆகையால் "போன வருஷமே ரீகால் பண்ணியாச்சு" என்று இருந்துவிடாதீர்கள். அதே வண்டிக்கு இரண்டாம் முறையும் வரலாம்.

நம் மலையில் வீடுகளின் அமைப்பு வேறு. சரிவில் கட்டியதால் பல வீடுகளில் கார் நிறுத்துமிடம் படுக்கையறைக்கு நேர் கீழே இருக்கிறது. சிலர் குளிருக்காகக் கதவைச் சாத்திவிட்டு இரவெல்லாம் சார்ஜ் போடுகிறார்கள். பேட்டரி குறித்த ரீகால் உங்கள் வண்டிக்கு வந்து, வெளியே நிறுத்தச் சொல்லியிருந்தால், தயவுசெய்து வெளியே நிறுத்துங்கள். மழை என்று தயங்க வேண்டாம், கார் நனைவதற்கென்றே செய்தது. சார்ஜர் பிளக்கும் எர்த்தும் நனையாத இடத்தில், ஒழுங்காகப் போட்டிருக்கிறதா என்பதை மட்டும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பேட்டரி ரீகால் முடியும்வரை 80 விழுக்காடுதான் சார்ஜ் போடணும்னா மலை ஏற முடியுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆட்களோடு சேர்த்து 1,700 கிலோ எடையுள்ள காரை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக்கு, தூக்க மட்டும் 7 யூனிட் மின்சாரம் வேண்டும். சாலையில் உருளவும் காற்றைத் தள்ளவும் ஆகும் செலவு தனி. 40 யூனிட் பேட்டரி உள்ள காருக்குக் கூட இது தாங்கும் கணக்குதான். இறங்கும்போது 80 விழுக்காட்டோடு கிளம்புவது இன்னும் நல்லது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே வண்டியைப் பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்கு அனுப்புவதை ரீஜென் என்கிறோம். நூறு விழுக்காடு சார்ஜ் போட்டுவிட்டுக் குன்னூரிலிருந்து கிளம்பினால், நிறைகுடத்தில் மேலும் நீர் ஊற்றுவது போல, அந்தச் சக்திக்குப் போக இடம் இருக்காது. வண்டி வழக்கம்போல் தானாகப் பிடிக்காது. முழுப் பாரமும் டிஸ்க் பிரேக் மேல் விழும், அது சூடேறும். ஊட்டியில் உறைபனி விழும் டிசம்பர், ஜனவரி காலைகளில் பேட்டரி குளிர்ந்திருக்கும்போதும் ரீஜென் குறைவாகத்தான் இருக்கும். ரீகாலுக்காகக் கீழே போகிறவர்கள் இதை மனத்தில் வையுங்கள்.

மென்பொருளால் தீரும் குறைகளைச் சில கம்பெனிகள் இணையம் வழியாகவே சரிசெய்கின்றன. அந்தச் செய்தி வந்தால் வீட்டில், சமதளத்தில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும்போது, போதிய சார்ஜோடு போட்டுக்கொள்ளுங்கள். இறங்கக் கிளம்பும் நேரத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

இரண்டாம் கையாக வாங்கியவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெங்களூரிலும் கோவையிலும் ஓடிய மின்சாரக் கார்களை இங்கே ஹோம்ஸ்டே நடத்துகிறவர்களும் ஓய்வுபெற்றவர்களும் வாங்கி வருகிறார்கள். ரீகால் செய்தியோ முதல் உரிமையாளரின் கைபேசிக்குப் போகிறது. அவர் வண்டியை விற்றாயிற்று, செய்தியை அழித்திருப்பார். உங்களுக்கு எதுவும் வரவில்லை என்பதால் குறை இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. ஆர்.சி.யிலும் இன்சூரன்ஸ் தாளிலும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த சேஸிஸ் நம்பர் இருக்கும். அதைக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குச் சொல்லி, ரீகால் ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கம்பெனிகளின் இணையதளத்தில் அந்த நம்பரைப் போட்டே பார்க்கலாம். கையோடு உங்கள் பெயரையும் கைபேசி எண்ணையும் மாற்றிப் பதியச் சொல்லுங்கள்.

யாராவது போன் செய்து "ரீகால் கட்டணம்" என்று பணமோ, வங்கியிலிருந்து வந்த ஓ.டி.பி.யோ கேட்டால் அது ஏமாற்று. போனை வைத்துவிடுங்கள்.

சர்வீஸ் சென்டரில் ரீகாலுக்குத் தனி ஜாப் கார்டு (வேலைச் சீட்டு) போடச் சொல்லுங்கள். வேறு வேலைகளோடு கலந்தால் எது இலவசம், எது கட்டணம் என்று பின்னால் பிரிக்க முடியாது. கிளம்பும் முன் பாகம் இருப்பில் உள்ளதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், வீணாக இரண்டு முறை மலை இறங்கி ஏற வேண்டாம். வேலை முடிந்ததும், என்ன செய்தார்கள் என்று எழுதிய, பூஜ்ஜியம் ரூபாய் போட்ட பில்லை வாங்கி வையுங்கள். வண்டியை விற்கும்போது அந்தத் தாளுக்கு மதிப்பு உண்டு. செய்ய மறுத்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. உங்கள் வண்டியில் கண்ட குறையை அரசின் வாகன் தளத்திலும் பதியலாம். அப்படிச் சேரும் புகார்களைப் பார்த்தும் அரசு ஒரு வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்ல முடியும்.

ஓட்டவே வேண்டாம் என்று கம்பெனி சொல்லியிருந்தால் வண்டியை எடுத்துப்போக ஏற்பாடு செய்யும்படி அவர்களிடமே கேளுங்கள். முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான ரெக்கவரி வண்டிதான் வர வேண்டும். சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுத்தால் மோட்டார் சுழன்று மின்சாரம் உண்டாக்கும், உள்ளே இருப்பது கெடும்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும். 2022 ஏப்ரலில் ஓலா 1,441 ஸ்கூட்டர்களையும் ஒகினாவா 3,215 ஸ்கூட்டர்களையும் தீ விபத்துகளுக்குப் பிறகு அழைத்தன. பழைய ஸ்கூட்டர் வாங்கும்போது அதையும் விசாரியுங்கள்.

எங்கள் பட்டறையில் ரீகால் வேலை செய்வதில்லை. ஆரஞ்சு நிற ஒயர் போகும் எந்தப் பாகத்தையும் நாங்கள் தொடுவதில்லை. அதற்கு உரிய பயிற்சியும் கருவியும் கம்பெனி சர்வீஸ் சென்டரில்தான் இருக்கின்றன. உங்களுக்கு இலவசமாகக் கிடைக்க வேண்டிய வேலைக்கு நாங்கள் காசு வாங்குவதும் முறையாகாது. ஆனால் சேஸிஸ் நம்பரை எங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினால், ரீகால் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம், இணையம் பழக்கமில்லாத பெரியவர்களுக்குக் கம்பெனியோடு பேசி நாளும் குறித்துத் தருகிறோம். இதற்குக் கட்டணம் இல்லை.

கீழே இறங்கும் முன் பிரேக்கை ஒருமுறை காட்டிவிட்டுப் போங்கள். ரீஜென் இருப்பதால் மின்சாரக் காரில் டிஸ்க் பிரேக்குக்கு வேலை குறைவு. நம் ஈரத்தில் டிஸ்க் துருப்பிடிக்கிறது, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் பின் இறுகுகிறது. தேவைப்படும் அன்று அது பிடிக்க வேண்டும். பார்ப்பதற்குக் காசு வேண்டாம், பேடு மாற்றவோ கழற்றிச் சுத்தம் செய்யவோ வேண்டியிருந்தால் முன்கூட்டியே தொகையைச் சொல்கிறோம். சீசனில் ஏற்றம் குன்னூர் வழியும் இறக்கம் கோத்தகிரி வழியுமாகப் போலீஸ் மாற்றிவிடுவது உண்டு, அன்றைய வழியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 9 மணிக்குத் திறந்திருப்போம்.

இப்படிக்கு,
உங்கள் பட்டறையினர்,
குன்னூர், நீலகிரி