ஜுஹு – பெல்லாரி – மெட்ராஸ்: இந்த வாரப் பறத்தல்

நண்பர்களுக்கு வணக்கம்.

1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக பம்பாய் ஜுஹுவுக்குத் தபால் கொண்டுவந்தார். அங்கிருந்து அவருடைய கூட்டாளி, விமானி நெவில் வின்சென்ட் பெல்லாரியில் இரவு தங்கி நம்ம மெட்ராஸ் வந்து சேர்ந்தார். பலருக்கும் தெரியாத அந்த இரண்டாம் பாதியைத்தான் சிமுலேட்டரில் (கணினியில் விமானம் ஓட்டும் மென்பொருளில்) பறக்கப் போகிறோம்.

1. அக்டோபர் 17, சனி மாலை 4: ஜுஹு–பெல்லாரி, அவரவர் வீட்டிலிருந்து.

2. அக்டோபர் 18, ஞாயிறு காலை 6.30: பெல்லாரி–மீனம்பாக்கம், தண்டையார்பேட்டை மாடி அறையில் எல்லோரும் சேர்ந்து. சுமார் 425 கி.மீ.; மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும்.

3. விமானம் புஸ் மாத் (அன்று டாடா ஓட்டிய சிறு விமான வகை) மட்டும். ஒற்றை எஞ்சின். ஜிபிஎஸ், ஆட்டோபைலட் இரண்டையும் அணைத்துவிடுங்கள். திசைகாட்டி, கடிகாரம், காகித வரைபடம் போதும். பெல்லாரியை நெருங்கும்போது துங்கபத்ரா நீர்த்தேக்கத்தை அடையாளமாக வைக்காதீர்கள். 1932இல் அந்த அணையே கிடையாது. ரயில் பாதையைப் பிடித்து வாருங்கள், அதுதான் நேர்மையான வழி.

4. ஜாய்ஸ்டிக், ஹெட்போன் கொண்டு வரவும். இட்லி, வடகறி நம் பொறுப்பு.

அப்புறம், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். காற்று தள்ளும்போது விமானத்தின் மூக்கைத் திருப்பிப் பிடிப்பதை அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கணும்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் ‘வருகிறேன்’ என்று எத்தனை பேர் என்பதோடு பதில் போடுங்கள்.