விட்டுப்போன 18-ஆம் நாள்

அன்பு மகளுக்கு,

நீ கிளம்பிப் போய் ஒரு வாரம் ஆகிறது. கடைசி நாள் இரவு பதினோரு மணிக்கு மேல் கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். படுக்கையறைக் கதவுக்கும் சமையலறை வாசலுக்கும் நடுவே, தூக்கத்தில் கண் செருக, திரும்பும்போதெல்லாம் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நீ நடந்துகொண்டிருந்தாய். "இன்னும் 1,400 ஸ்டெப் பாக்கி, அம்மா" என்றாய். உன் முகத்திலிருந்த களைப்பைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. அன்று சொல்ல விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அந்தப் பாக்கி யாருக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி என்று நீ என்றாவது கேட்டதுண்டா? நாளுக்கு நீ நடந்து முடிக்கப் பார்க்கும் 10,000 காலடி என்பது எந்த மருத்துவரும் ஆராய்ந்து சொன்ன அளவு அன்று. டோக்கியோ ஒலிம்பிக் நடந்த மறு ஆண்டு, 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று காலடிகளை எண்ணும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அதற்கு 'மன்போ-கெய்' என்று பெயர் வைத்தது. பத்தாயிரம் காலடிகளை அளக்கும் கருவி என்பதுதான் அதன் பொருள். விற்பதற்காக வைத்த பெயர் நாளடைவில் உடல்நல விதியாகிவிட்டது. 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 16,741 மூத்த பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. நாளுக்கு ஏறத்தாழ 4,400 காலடிகள் நடந்தவர்களுக்கே, 2,700 நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் நன்றாகக் குறைந்திருந்தது. சுமார் 7,500-ஐத் தாண்டிய பிறகு கூடுதல் பலன் தெரியவில்லை. அவர்களின் சராசரி வயது 72, உனக்கு அது அப்படியே பொருந்தாது என்பாய், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நள்ளிரவில் தூக்கத்தை விற்று வாங்கும் 1,400 காலடிகளால் உன் உடம்புக்கு என்ன சேர்ந்தது? நடப்பது நல்லதுதான், மகளே. கடன்காரன் வாசலில் நிற்பதுபோல் பயந்து நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உன் அறையைப் பெருக்கும்போது மேசை மேல் அந்தத் தாளைப் பார்த்தேன். தினமும் இரண்டு பக்கம் எழுதுவதென்று வரிசையாக 21 கட்டங்கள் போட்டிருக்கிறாய். 17 கட்டங்களில் பச்சை மையால் குறியிட்டிருக்கிறாய். 18-ஆம் கட்டம் காலி. அதன் கீழே, பேனா அழுந்தித் தாள் கிழியும் அளவுக்கு, "மறுபடியும் ஒன்றிலிருந்து" என்று எழுதியிருக்கிறாய். அன்றுதான் உனக்குக் காய்ச்சல் வந்தது என்பது எனக்கு நினைவிருக்கிறது.

21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே, இந்த 21-க்கும் ஒரு கதை உண்டு. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், முகத்தைச் சீரமைத்துக்கொண்டவர்களுக்குத் தங்கள் புதிய முகம் பழகுவதற்குக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று கவனித்து, 1960-இல் எழுதினார். சொல்லிச் சொல்லிக் கைமாறியதில் 'குறைந்தது' என்ற சொல் உதிர்ந்துவிட்டது. முகத்தைப் பற்றிச் சொன்னதும் எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவாகிவிட்டது. பிற்பாடு லண்டனில் பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் 96 பேரை வைத்துப் பழக்கம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் பிடிக்கும் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபடும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள். அதைவிட உனக்கு வேண்டிய செய்தி இன்னொன்று அதில் இருக்கிறது: நடுவே ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. காய்ச்சலோடு கிடந்த ஒரு நாளுக்காக, எழுதிய 17 நாளையும் நீ அழித்தது அநியாயம். அந்த 34 பக்கங்களும் எங்கே போய்விட்டன? அவை உன் அலமாரியில்தான் இருக்கின்றன; எடுத்துப் படித்தேன், கோபித்துக்கொள்ளாதே. பதினான்காம் நாள் எழுதியது முதல் நாள் எழுதியதைவிட எவ்வளவோ தெளிவாக இருக்கிறது.

விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்தால்தான் உருப்பட முடியும் என்பதையும் விட்டுவிடு. தூங்கி விழிக்கும் நேரம் ஓரளவு பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. குழந்தையிலிருந்தே உனக்கு இருட்டிய பிறகுதான் மூளை சுறுசுறுப்பாகும். தேர்வுக்குப் படித்ததும் இரவில்தான், தேறியதும் அப்படித்தான். விடியலில் எழுகிறவர்கள் எழட்டும். உன்னால் ஏழரை வரை தூங்க முடிகிற நாட்களில் தூங்கு.

அந்தத் தாளை நான் எடுத்து வைத்திருக்கிறேன். 'மறுபடியும் ஒன்றிலிருந்து' என்ற வரியை மட்டும் பென்சிலால் மெல்ல அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தோடு அனுப்புகிறேன். 18-ஆம் கட்டம் காலியாகவே இருக்கட்டும், 19-இலிருந்து எழுது.

அன்புடன்,
அம்மா