பிரஜ்னேஷ் குன்னேஸ்வரனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிரஜ்னேஷ்,

2024 நவம்பரில் நீங்கள் டென்னிஸிலிருந்து ஓய்வை அறிவித்ததிலிருந்தே இதை எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. உங்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "நாலு கிராண்ட்ஸ்லாமிலும் முதல் சுற்றோடு சரி" என்று, டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளை வைத்தே யாராவது முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆறவே இல்லை.

அந்த முதல் சுற்றுக்கு வந்து சேர்வது லேசா? முழங்கால் எலும்பில் விரிசல். ஒரு ஆட்டக்காரர் வளர வேண்டிய வயதில் பல வருஷங்கள் அதிலேயே போயின. பலர் ராக்கெட்டைத் தூக்கி வைத்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பார்கள். நீங்கள் திரும்பி வந்து, கூட்டமே இல்லாத சாலஞ்சர் என்ற இரண்டாம் நிலைப் போட்டிகளில் தரவரிசைப் புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, 2019 பிப்ரவரியில் உலகத் தரவரிசையில் முதல் நூறுக்குள் நுழைந்தீர்கள். அப்போது வயது 29. ஏப்ரலில் 75-வது இடம். அந்த வருஷம் ஆஸ்திரேலிய ஓபனுக்குத் தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்துப் போனீர்கள். மற்ற மூன்று கிராண்ட்ஸ்லாமிலும் தரவரிசையே நேராக உள்ளே கொண்டுபோனது. விம்பிள்டனில் எதிரே வந்தவர் அதிரடி சர்வுக்குப் பேர்போன கனடாவின் ரயோனிச். அமெரிக்க ஓபனில் ரஷ்யாவின் மெட்வடேவ், அந்த முறை இறுதி ஆட்டம் வரை போனவர்! குலுக்கலில் யார் வருவார் என்பது உங்கள் கையிலா இருக்கிறது?

எனக்குப் பிடித்த ஆட்டம் என்று கேட்டால் 2018 ஏப்ரல், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை, சீனாவின் தியான்ஜின் நகரம். முதல் நாள் ஒற்றையரில் உங்கள் பெயரே இல்லை. சீனா 2-0 என்று முன்னிலை. மறுநாள் இரட்டையரில் பயஸ்-போபண்ணா ஜோடி ஒன்றை மீட்டது, ராம்குமார் இன்னொன்றை. 2-2 என்று நிற்கும்போது, முடிவைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்துக்கு உங்களை இறக்கினார்கள். எதிரே வூ யிபிங், அதற்கு முந்தைய வருஷம்தான் அமெரிக்க ஓபன் ஜூனியர் பட்டம் வென்ற பையன், சொந்த மண், சொந்தக் கூட்டம். 6-4, 6-2 என்று முடித்தீர்கள். அந்த இடது கை ஃபோர்ஹேண்டுக்கு அன்று அவரிடம் பதில் இல்லை.

அப்புறம் அமெரிக்காவில் நடக்கும் இண்டியன் வெல்ஸ் போட்டி, 2019. உலகின் முதல் இருபதுக்குள் இருந்த பசிலஷ்விலியை மூன்றாவது செட் டை-பிரேக்கில் சாய்த்தது. அதைப் பற்றி இங்கே பேசியவர்கள் ரொம்பக் குறைவு.

ஒரு வேண்டுகோள். ஜெயித்ததும் தோற்றதும் பதிவேட்டில் இருக்கிறது. ஆடாமல் இருந்த அந்த வருஷங்களுக்குத்தான் பதிவே இல்லை. எந்த மருத்துவர் சொன்னதை நம்பினீர்கள், எதை நம்பவில்லை, செலவை எப்படிச் சமாளித்தீர்கள், மறுபடி முழு வேகத்தில் ஓட எப்போது தைரியம் வந்தது என்றெல்லாம் நீங்களே எழுதுங்கள். காயத்தோடு உட்கார்ந்திருக்கும் பதினெட்டு வயதுப் பையனும் பெண்ணும் அதைத்தான் தேடுவார்கள்.

அன்புடன்,
உங்கள் ரசிகன்