ஒத்தெல்லோ எந்த ஊர்க்காரன்?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மகளுக்கு வரன் அமைந்ததில் எனக்கும் பெரிய நிம்மதி. தேதி குறித்ததும் சொல், முதல் பந்திக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். சர்க்கரை மட்டும் அடங்கமாட்டேன் என்கிறது.

ஓய்வு பெற்றபின் ஷேக்ஸ்பியரைத் திரும்ப எடுத்திருக்கிறாயே, சந்தோஷம். ஆனால் அவர் நாடகத்தில் வெனிஸ் படைக்குத் தலைமை தாங்கும் 'மூர்' ஒத்தெல்லோ (வட ஆப்பிரிக்கரையும் கறுப்பினத்தவரையும் அன்று மூர் என்றே அழைத்தார்கள்) வட ஆப்பிரிக்க அராபியன்தான், கறுப்பினத்தவன் அல்ல என்று அடித்துச் சொல்கிறாய். ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜும் உன் கட்சிதான். ஒரு வெனிஸ் பெண் கறுப்பினத்தவனைக் காதலிப்பதை அந்த மனிதரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நடிகர் எட்மண்ட் கீன் 1814-ல் ஒத்தெல்லோ வேடத்துக்கு வழக்கமான கரிப்பூச்சை விட்டுவிட்டு மாநிறத்தில் மேடையேறினார். 1833-ல் கறுப்பின நடிகர் ஐரா ஆல்ட்ரிட்ஜ் லண்டனின் கோவன்ட் கார்டன் அரங்கில் அந்த வேடம் கட்டியபோதோ லண்டன் பத்திரிகைகள் சில அவரைக் குதறியெடுத்தன. உன் கட்சியில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று பார்த்துக்கொள்!

உன் பக்கம் ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். மொரோக்கோ சுல்தானின் தூதர் 1600-ல் லண்டனுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கினார். தலைப்பாகையும் வாளுமாக அவர் நிற்கும் ஓவியம் இன்றும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்திடம் இருக்கிறது. கிரனடாவில் பிறந்து, கடற்கொள்ளையரிடம் சிக்கி, ரோமில் ஞானஸ்நானம் பெற்ற லியோ ஆப்பிரிக்கானஸ் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்தில் வந்ததும் அதே ஆண்டுதான். ஒத்தெல்லோவும் அடிமையாக விற்கப்பட்டு மீண்டவன், ஞானஸ்நானம் பெற்றவன். 1604 நவம்பரில் அரண்மனையில் நாடகம் பார்த்தவர்களில் பலருக்கு அந்தத் தூதரின் முகம் நினைவிருந்திருக்கும்.

ஆனால் நீ பெரிய சாட்சியாகக் காட்டுவது, ஒத்தெல்லோ வட ஆப்பிரிக்காவின் 'மௌரிட்டானியாவுக்குப் போகிறான்' என்ற வரியை. அதைச் சொல்வது யார்? ஒத்தெல்லோவைக் கவிழ்க்கச் சதி செய்யும் இயாகோ! ஒத்தெல்லோவின் துணைத்தளபதி கேஸியோவைக் கொல்ல, தன் கைப்பாவை ரோடரிகோவைத் தூண்டிவிட அவன் அவிழ்த்துவிடும் பொய் அது. வந்த ஓலையோ ஒத்தெல்லோவை வெனிஸுக்குத் திரும்பச் சொல்கிறது. வட ஆப்பிரிக்கக் கரையின் பெயரால் 'பார்பரிக் குதிரை' என்று ஒத்தெல்லோவை ஏசுவதும் அதே வாய்தான். அவன் பேச்சை நம்பித்தானே ஒத்தெல்லோ கெட்டான், நீயுமா?

நிறம் வேறு விஷயம். 'நான் கறுப்பன் என்பதாலோ' என்று மூன்றாம் அங்கத்தில் தனியாக நிற்கும்போது அவனே சொல்கிறான். அந்தக் காலத்தில் மாநிறத்தையும் கறுப்பு என்றுதான் சொன்னார்கள் என்பாய். சரி, ஆனால் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் மொரோக்கோ இளவரசன் நுழையும் இடத்தில் 'மாநிற மூர்' என்றே குறிப்பு இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'டைட்டஸ் ஆண்ட்ரோனிக்கஸ்' நாடகத்து மூர் ஏரனோ நல்ல கறுப்பு. இரண்டு வகை மூர்களையும் எழுதிப் பழகிய கை அது.

ஆகவே நிறத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஊரைத்தான் ஷேக்ஸ்பியர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டார் என்று நினைக்கிறேன். அவர் கதையை எடுத்தது 1565-ல் வந்த, இத்தாலிய எழுத்தாளர் சிந்தியோவின் கதைத் தொகுப்பிலிருந்து. அங்கே மூருக்குப் பெயர்கூடக் கிடையாது. ஷேக்ஸ்பியர் பெயர் கொடுத்தார், ராஜவம்சம் கொடுத்தார், தாய்க்கு ஓர் எகிப்தியப் பெண் தந்த கைக்குட்டையையும் கொடுத்தார். நாடு மட்டும் கொடுக்கவில்லை.

முதல் அங்கத்தில் செனட் முன்னால் அவன் பேசுவதை மறுபடி படி. குகை, பாலைவனம், நரமாமிசம் தின்பவர்கள் எல்லாம் வருகிறார்கள். பிறந்த ஊர் எங்காவது தட்டுப்பட்டால் உடனே எழுது, சண்டையைத் தொடரலாம்.

அன்புடன்,
சுந்தரம்