துணியை முதலில் பார்ப்பவள் நீ

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "சும்மா அசிஸ்டென்ட் வேலைதான்ப்பா, டிரை கிளீனிங் கடையில் துணியை வாங்கி வைக்கணும், எடுத்துக் கொடுக்கணும், அவ்வளவுதான்" என்று குரலை இறக்கிச் சொன்னாய். போனில் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இந்தத் தொழிலிலேயே வயதைக் கழித்தவன் நான். அதில் 'சும்மா' என்று சொல்லக்கூடிய இடம் எதுவும் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், நிதானமாகப் படி.

ஒரு கோட் கடைக்கு வந்தால் அதை முதலில் கையில் வாங்குகிறவள் நீ. கறை எடுக்கிறவர், மெஷின் ஓட்டுகிறவர், இஸ்திரி போடுகிறவர் எல்லாரும் உனக்கு அப்புறம்தான் அதைப் பார்க்கிறார்கள். நீ கவனிக்காமல் விட்டது அவர்கள் கண்ணில் படும்போது பெரும்பாலும் காரியம் கெட்டுப்போயிருக்கும். நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு மேல் மெஷினால் வந்தவை அல்ல, கவுண்டரில் துணியை விரித்துப் பார்க்காததால் வந்தவை.

அதனால் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் துணியை மேஜையில் விரி. முதலில் பைகள். உள்பை, மார்புப் பை, டிக்கெட் வைக்கிற குட்டிப் பை, ஒன்றையும் விடாதே. ஒரு பேனா போதும், அந்தச் சுற்றில் போட்ட அத்தனை துணியும் பாழ். மெஷினில் தண்ணீருக்குப் பதில் ஓடுகிற, அழுக்கைக் கரைக்கும் திரவமான சால்வென்ட்டில் மை கரைந்து பரவிவிடும், சூட்டில் காய்ந்த பிறகு எடுப்பது பெரும்பாடு. லிப்ஸ்டிக்கும் அப்படித்தான். பணமோ சாவியோ கடிதமோ இருந்தால் அவர்கள் கண் முன்னாலேயே எடுத்துக் கொடு. அவர்கள் போன பிறகு கிடைத்தால் ரசீது எண்ணோடு ஒரு கவரில் போட்டு முதலாளியிடம் கொடுத்து எழுதி வை. அடுத்தவர் சட்டைப் பைக்குள் கைவிடும் உரிமையை உன்னை நம்பித் தருகிறார்கள், பாப்பா. அது சின்ன விஷயமில்லை.

அப்புறம் பொத்தான்கள். சில பிளாஸ்டிக் பொத்தான்கள் பெர்க் என்கிற சால்வென்ட் பட்டால் இளகி, பக்கத்துத் துணியிலும் ஒட்டிக்கொள்ளும். மணி, சம்கி வைத்துத் தைத்த உடைகள் இன்னும் மோசம். சிலவற்றில் நிறம் போகும், சிலவற்றில் மணியே கரையும். சந்தேகம் வந்தால் உள்தையல் பக்கம், வெளியே தெரியாத ஒரு மணியில், சால்வென்ட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்க்கச் சொல். பெல்ட், மேல்கோட், பேன்ட் என்று ஜோடியாக வருவதை ஜோடியாகவே போட வேண்டும். ஒன்றை மட்டும் சுத்தம் செய்தால் நிறத்தில் மெல்லிய வித்தியாசம் வந்துவிடும். அதைக் கண்டுபிடிப்பவர் கல்யாணத்துக்குக் கிளம்புகிற அன்று காலையில்தான் கண்டுபிடிப்பார்.

கம்பளியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார். பூச்சி அரித்த இடத்தில் இழை பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருக்கும், மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. மெஷினில் சுழன்று வந்ததும் அது உதிர்ந்து ஓட்டை தெரியும், பழி கடை மேல் விழும். முன்கூட்டியே கண்ணில் பட்டால், "இங்கே இழை விட்டிருக்கிறது, பாருங்கள், சுத்தம் செய்தால் ஓட்டையாகத் தெரியலாம், பரவாயில்லையா?" என்று கேட்டு ரசீதில் எழுது. குற்றம் சொல்கிற தொனி வரவே கூடாது. அவருக்கும் அது புதுச் செய்தியாகத்தான் இருக்கும், முகம் வாடும். கொஞ்சம் நேரம் கொடு.

கறையைப் பற்றிக் கேட்பதுதான் உன் வேலையிலேயே பெரிய வேலை என்பேன். என்ன பட்டது, எப்போது பட்டது, வீட்டில் ஏதாவது போட்டுத் தேய்த்தீர்களா? இந்த மூன்றும் தெரிந்தால் கறை எடுக்கிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. பலர் சொல்லக் கூச்சப்படுவார்கள், அதுவும் மூன்றாவது கேள்விக்கு. கேட்கிற விதத்தில் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

ஏன் இதெல்லாம் தெரிய வேண்டும் என்றால், டிரை கிளீனிங் என்பது எல்லா அழுக்கையும் எடுக்கிற மந்திரம் இல்லை. பெயரைப் பார்த்துத் துணி நனையாது என்று நினைக்காதே. நன்றாகவே நனையும், தண்ணீருக்குப் பதில் சால்வென்ட்டில். கம்பளியும் பட்டும் தண்ணீரைக் குடித்து உப்பும், உருமாறும், சில சாயங்கள் இறங்கும். சால்வென்ட் இழைக்குள் அப்படிப் புகாது, அதனால் வடிவம் நிற்கிறது. எண்ணெய், கொழுப்பு, மெழுகு எல்லாவற்றையும் அது கரைத்துக்கொண்டு போகும். ஆனால் சர்க்கரை, உப்பு, வியர்வை போன்றவை தண்ணீரில் கரைகிறவை. அவற்றை அது அவ்வளவாகத் தொடாது. அதற்குத்தான் கறை மேஜை, கறைகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிற இடம்.

ஒரு வெள்ளைக் கம்பளிக் கோட் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. வரும்போது மடிப்பகுதியில் ஒரு பொட்டுக் கறை கூட இல்லை. கழுவிக் காய்ந்து ஸ்டீம் பிரஸ்ஸுக்குப் போனது, மூடியைத் தூக்கியபோது உள்ளங்கை அகலத்துக்கு வெளிர் பழுப்பில் ஒரு திட்டு. ஓரம் மட்டும் அடர்த்தியாக, கோடு போட்ட மாதிரி. நிறமில்லாத குளிர்பானம் எப்போதோ சிந்திக் காய்ந்திருக்கிறது. சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் இழையில் உட்கார்ந்திருந்தது, சூடு பட்டதும் கருகி வெளியே வந்தது. அந்த அம்மா, "நான் கொடுக்கும்போது இது இல்லை" என்று சொன்னது முழு உண்மை. எங்கள் பக்கம் யாரும் பொய் சொல்லவும் இல்லை. கவுண்டரில், "ஜூஸ், கூல் டிரிங்க் ஏதாவது சிந்தியதா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதலிலேயே தண்ணீர் வைத்து எடுத்திருக்கலாம்.

சூடுதான் கறையை நிலைக்க வைக்கிறது. ரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் சூட்டில் இறுகிவிடும். டீ, காபி, பழச்சாறு, ஒயின் எல்லாம் வேறு வகை, அவற்றுக்கு அமிலத் தன்மையுள்ள மருந்து. புரதத்துக்கு நேர்மாறாகக் காரம், இல்லையென்றால் என்சைம். மருந்து மாறினால் கறை இன்னும் ஆழமாகப் பதியும். நனைந்த பட்டுத் துணியைத் தேய்த்தால் இழை சிராய்ந்து அந்த இடம் வெளுத்துத் தெரியும், அது கறையில்லை, காயம். எந்த மருந்தும் அதைத் திரும்பத் தராது. அசிட்டேட் என்கிற செயற்கை இழைத் துணியில் அசிட்டோன் (நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தில் இருப்பது) பட்டால் துணியே கரைந்து ஓட்டை விழும். அதனால் கற்றுக்கொடுக்கும் வரை அந்த மேஜையில் நீயாக எதையும் தொடாதே. ஆனால் நேரம் கிடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் போய் நின்று பார். நல்ல கைக்காரர் என்றால் துணியின் உள்பக்கத்திலிருந்து வேலை செய்வார், ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவார், தேய்க்காமல் தட்டுவார், ஸ்டீம் துப்பாக்கியைத் தள்ளிப் பிடிப்பார். ஏன் என்று கேள். சொல்லிக்கொடுக்கப் பிடிக்காதவர்கள் இந்தத் தொழிலில் குறைவு.

லேபிளைப் படிக்கப் பழகு. வட்டம் என்றால் டிரை கிளீனிங். உள்ளே 'பி' இருந்தால் பெர்க் போடலாம், 'எஃப்' இருந்தால் ஹைட்ரோகார்பன் என்கிற பெட்ரோலிய வகைச் சால்வென்ட் மட்டும், 'டபிள்யூ' என்றால் தண்ணீரில் தொழில்முறையில் கழுவுவது. கீழே கோடு இருந்தால் மென்மையாக. வட்டத்தின் மேல் பெருக்கல் குறி இருந்தால் வேண்டாம் என்று அர்த்தம். இஸ்திரிப் பக்கம் இப்போதைக்கு ஒன்றே ஒன்று: ஸ்டீம் இழையை இளக்கும், அழுத்தம் படிய வைக்கும், வேக்குவம் ஈரத்தை உறிஞ்சி ஆற வைத்த பிறகுதான் மடிப்பு நிற்கும். ஆறுவதற்கு முன் எடுத்து ஹேங்கரில் மாட்டினால் மறுபடி போட வேண்டியதுதான். மற்றதெல்லாம் போகப் போக வரும்.

இனி சொல்வதைத் தயவு செய்து இரண்டு முறை படி. இதற்காகவே எழுதினேன் என்றாலும் தப்பில்லை.

உன் கடையில் எந்தச் சால்வென்ட் ஓடுகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள். பெர்க் என்று சொல்வது பெர்க்ளோரோஎத்திலீன். லேசான இனிப்பு வாசனை வரும். அதிகம் மூச்சில் போனால் தலைவலி, தலைசுற்றல், மயக்கம். கையில் பட்டுக்கொண்டே இருந்தால் தோலின் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இல் அதை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் வலுவாக உள்ள பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அமெரிக்கா 2024 டிசம்பரில், 10 ஆண்டுகளுக்குள் டிரை கிளீனிங்கிலிருந்து அதைப் படிப்படியாக விலக்க விதி போட்டது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ஒழுங்கான மெஷின், நல்ல காற்றோட்டம், அவசரப்படாத ஆள், இந்த மூன்றும் இருந்தால் உடம்புக்குள் போகிற அளவு வெகுவாகக் குறையும்.

காய்கிற சுற்று முழுவதும் முடியாமல் மெஷின் கதவைத் திறக்காதே. "அவசரம், எடுத்துக் கொடு" என்று யார் சொன்னாலும் திறக்காதே. ஈரத்தோடு வெளியே வருகிற துணிதான் கடை முழுக்க ஆவியைப் பரப்புகிறது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கீழே தரையோடு தேங்கும். குனிந்து வேலை செய்யும்போது முகத்தில் அடிக்கும். சுத்தம் செய்த துணியில் வாசனை வந்தால் சரியாகக் காயவில்லை என்று அர்த்தம், திருப்பி மெஷினுக்கு அனுப்பு. வாசனை வரவில்லை என்பதால் ஒன்றும் இல்லை என்றும் நினைக்காதே, மூக்கு சீக்கிரம் பழகிப்போகும். பஞ்சு வடிகட்டி, பொத்தான் வலை, அடியில் தங்குகிற கசடு இவற்றைச் சுத்தம் செய்யும்போதுதான் ஆவி அதிகம் கிளம்பும். பயிற்சியும் அதற்கான முகக்கவசமும் இல்லாமல் அந்த வேலையை ஏற்காதே. சுடுகிற பரப்பு, நெருப்பு பக்கம் பெர்க் ஆவி போனால் நச்சு வாயுக்களாகச் சிதையும். ஹைட்ரோகார்பன் ஓடுகிற கடை என்றால் வேறு கவலை, அது தீப்பிடிக்கும். மெல்லிய ரப்பர் கையுறையைப் பெர்க் சீக்கிரமே ஊடுருவிவிடும். எந்தக் கையுறை என்பது மருந்தோடு வருகிற பாதுகாப்புத் தகவல் தாளில் இருக்கும், கேட்டு வாங்கிப் படி.

கறை மேஜையில் துருக் கறைக்கென்று ஒரு சின்ன பாட்டில் இருக்கும். பலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நீர்த்ததாக இருந்தால் விரலில் பட்டதும் வலிக்காது, சில மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும், அதற்குள் உள்ளே இறங்கிவிட்டிருக்கும். உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிற அமிலம் அது. பட்டது தெரிந்தால் வலிக்கிறதா என்று காத்திருக்காதே. ஓடுகிற தண்ணீரில் கழுவு, கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருந்தால் தடவு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போ, அமிலத்தின் பெயரைச் சொல். அந்த ஜெல் கடையில் இல்லையென்றால் வாங்கி வைக்கச் சொல்லிக் கேள். புதிதாக வந்த பெண் இதையெல்லாம் கேட்கலாமா என்று யோசிக்காதே. நீதான் கேட்க வேண்டும்.

வேலையின் பெயரைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது என்று உன் குரலில் எனக்குக் கேட்டது. ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தாமஸ் ஜென்னிங்ஸ் என்று நியூயார்க்கில் ஒரு கறுப்பினத் தையல்காரர். தாம் தைத்துக் கொடுத்த உடைகள் கறைபட்டுக் கெடுவதும், அதற்காக வாடிக்கையாளர்கள் வருத்தப்படுவதும் பொறுக்காமல், துணியைக் கெடுக்காமல் சுத்தம் செய்ய ஒரு வழி கண்டுபிடித்தார். 1821இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் காப்புரிமை பெற்றதாக அறியப்படும் முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அடிமை ஒழிப்பு இயக்கத்துக்கும் உழைத்தார். 1836இல் காப்புரிமை அலுவலகம் தீப்பிடித்ததில் அந்த ஆவணமும் எரிந்துபோனது. அவர் கையாண்ட முறை இன்னதென்று இன்று எவருக்கும் தெரியாது. அவரும் உன்னைப் போல அடுத்தவர் துணியை மேஜையில் விரித்துப் பார்த்தவர்தான். நீ நிற்கிற வரிசை அப்படிப்பட்டது, பாப்பா. யார் கேட்டாலும் நிமிர்ந்து சொல்.

கால் வலிக்கும், முதல் சில வாரம் கட்டாயம் வலிக்கும். தட்டையான, மூடிய செருப்பு போடு, ஸ்டீம் பக்கம் திறந்த செருப்பு ஆகாது. மருந்து இருக்கிற அறையில் சாப்பிடாதே, சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவு.

அடுத்த முறை போன் செய்யும்போது மூன்று பதில் சொல்ல வேண்டும். மெஷினில் எந்தச் சால்வென்ட், துருக் கறை பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, கடையில் எந்தக் கையுறை வைத்திருக்கிறார்கள். அம்மாவும் இதைப் படித்துவிட்டு, பதில் வரும் வரை உன்னை விடப்போவதில்லை என்கிறாள்.

அன்புடன்,
அப்பா